ஒரே காற்றின் இரு கரைகள்

வளைகுடா நாடுகளுக்குப் பிழைப்பின் நிமித்தம் வந்து, பத்தும் இருபதும் ஆண்டுகளை இங்கேயே கழித்துவிட்ட நம்மவரை, அவர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, "அந்த தேசம் எப்படியிருக்கிறது?" என்று யாராவது விசாரித்தால், வானளாவிய கட்டிடங்களையும் அகன்ற சாலைகளையும் கோடை வெயிலின் கடுமையையும் சொல்லி முடித்தபின், மேலே சொல்ல ஒன்றுமில்லாமல் சம்பளத்தைப் பற்றிய பேச்சுக்கு அவர்கள் திரும்பிவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். இதற்காக அவர்களைக் குறைகூறுவது நியாயமாகாது. வாரம் முழுவதும் உழைத்து ஒருநாள் உறங்கி எழுபவனுக்கு தேசம் என்பது அலுவலகமும் அறையும் அவற்றுக்கு இடைப்பட்ட சாலையுமே அல்லவா? ஊரிலிருந்து விஸிட் விசாவில் வரும் தாய் தந்தையரையும் நாம் அந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்காட்டி, புர்ஜ் கலீஃபாவின் அடியில் ஒரு புகைப்படம், தேரா தங்கச் சந்தையில் ஒரு மாலைப்பொழுது, க்ரீக்கில் ஓர் அப்ரா சவாரி என்ற கணக்கில் திருப்தியடைந்து, அவர்களை விமானமேற்றிவிடுகிறோம்.

சென்ற குளிர்காலத்தில் என் தாயார் வேதாரண்யத்திலிருந்து வந்திருந்த சமயம், டிசம்பர் மாதத்துத் தேசிய தின விடுமுறையை ஒட்டிக் கிடைத்த அவகாசத்தை வேறு விதமாகச் செலவிடுவதென்று குடும்பமாகத் தீர்மானித்தோம். துபாயிலிருந்து மோட்டாரில் புறப்பட்டு, ஹத்தா வழியாக ஓமான் எல்லையைக் கடந்து, மஸ்கட்டுக்கு அப்பால் கடலோரத்தை விடாமல் தெற்கு நோக்கிச் சென்று, இரவுகளில் கரையிலேயே கூடாரமடித்துத் தங்கி, கடைசியில் ஷன்னா என்னும் துறையில் வண்டியோடு ஃபெர்ரியில் ஏறி மசீராத் தீவை அடைவது எங்கள் திட்டம். ஓமானுக்குச் சொந்தமான தீவுகளில் மிகப் பெரியது மசீரா. வடக்குத் தெற்காக ஏறக்குறைய 95 கிலோமீட்டர் நீண்டு, அகலத்தில் 12 முதல் 14 கிலோமீட்டருக்குள் ஒடுங்கி, அரபிக்கடலை நேருக்குநேர் எதிர்கொண்டு கிடக்கும் அந்தத் தீவில், வடமுனையிலுள்ள ஹில்ஃப் என்ற சிற்றூரை விட்டால் பெரிய குடியிருப்பு வேறில்லை.

அம்மாவுக்கு ஓமான் செல்லத் தனி விசாவும், அமீரகத்துக்குள் மறுபடி நுழைய இடந்தரும் விசாவும், வண்டிக்கு அரபு நாடுகளில் செல்லுபடியாகும் ஆரஞ்சு அட்டைக் காப்புறுதியும் முன்கூட்டியே பெற்றுக்கொண்டோம். கூடாரம், மடக்கு நாற்காலிகள், சிறிய கேஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, குடிநீர்க் கேன்கள், மணலில் சக்கரம் புதைந்தால் தோண்டுவதற்கு மண்வெட்டி, டயரில் இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றுவதற்கு ஒரு கம்ப்ரஸர் என்று நான் வண்டியை நிரப்பிக்கொண்டிருந்தபோது, என் மனைவியும் அம்மாவும் புளிச்சோறு, பருப்புத் துவையல், நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவற்றால் அதன் எஞ்சிய மூலைகளை நிரப்பினார்கள். கூடாரம் என்ற ஏற்பாடு மட்டும் அம்மாவுக்குச் சம்மதமாகவில்லை. "வீடு வாசல் இருக்கிறப்ப எதுக்குப்பா காட்டுல போயிப் படுக்கணும்?" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் தக்க பதில் இல்லை, பேரப்பிள்ளைகளின் உற்சாகமே பதிலாக அமைந்தது.

ஹத்தாவின் கருமலைகளைக் கடந்து பாத்தினா சமவெளியில் இறங்கியதும் ஸோஹார் நகரம் வருகிறது. இந்நகரின் பெயர் தாங்கிய கப்பல் ஒன்று மஸ்கட்டில், அல் புஸ்தான் மாளிகை விடுதிக்கு அருகில் சாலைச் சந்திப்பொன்றின் நடுவே இன்று நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. டிம் ஸெவரின் என்ற யாத்திரிகர், சிந்துபாத்தின் கதைகளுக்குப் பின்னாலிருந்த கடல்வழியைச் சோதித்தறியும் நோக்கத்துடன், ஆணியே அடிக்காமல், மலையாளக் கரையிலிருந்து தருவித்த ஆயினி மரப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டுவித்த கப்பல் அது. 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு, பேப்பூரையும் காலியையும் தொட்டு, அடுத்த ஆண்டு ஜூலையில் சீனத்துக் காண்டன் துறையை அது அடைந்தது. கப்பலைத் தைத்து முடிக்க முடியுமென்பதை என் மகன் நம்ப மறுத்தான். அவனுடைய அப்பாயி வியப்படையவில்லை. கயிற்றால் பிணைத்த கட்டுமரங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது?

மஸ்கட்டுக்கும் ஸூருக்கும் இடைப்பட்ட கடலோரச் சாலையில், ஒரு பக்கம் வறண்ட மலைத்தொடர் செங்குத்தாக எழ, மறுபக்கம் பச்சையும் நீலமும் கலந்த கடல் விரிய, ஃபின்ஸ் என்ற ஊரையடுத்த வெண்கூழாங்கல் கரையில் எங்கள் முதற்கூடாரம் எழுந்தது. ஓமானின் கடற்கரைகளில் பலவற்றில் கூடாரமடித்துத் தங்குவது வழக்கம். யாருடைய வாசலையும் மறிக்காமலும், குப்பையை விட்டுச்செல்லாமலும் இருக்க வேண்டும். இருட்டியபின், அடுப்பில் சுக்குக் காப்பி கொதித்துக்கொண்டிருந்த வேளையில், அம்மா தாமாகவே பேசத் தொடங்கினார். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வேதாரண்யத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஜனங்கள் கோடியக்கரைக்குச் சமுத்திர ஸ்நானத்துக்குப் போவதையும், மாடுகளை அவிழ்த்து மரத்தடியில் கட்டிவிட்டு, மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கித் தின்று, வண்டியின் அடியிலேயே பாய் விரித்து உறங்கியதையும் அவர் சொல்லச் சொல்ல, கூடாரவாசம் என்பதை ஏதோ மேனாட்டாரின் பொழுதுபோக்கென்று எண்ணியிருந்த என் பிள்ளைகளுக்கு, தங்கள் அப்பாயி இந்தக் கலையில் தங்களை விடப் பழுத்தவர் என்பது தெரியவந்தது.

அடுத்த நாள் திவியின் பேரீச்சந்தோப்புகளையும் வாதி ஷாப் என்ற பள்ளத்தாக்கின் நீர்ச்சுனைகளையும் கண்டுகொண்டு கல்ஹாத்தை அடைந்தோம். கடலைப் பார்த்த சரிவில் இன்று எஞ்சி நிற்பது பீபி மர்யமின் சமாதி மண்டபமும் இடிந்த சுவர்களும்தான். ஆனால் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இது ஹோர்முஸ் அரசின் இரண்டாம் தலைநகரைப் போல விளங்கிய பெருந்துறை. மார்க்கோ போலோ இதைப் பற்றி எழுதினார். இப்னு பதூதா இங்கே வந்து தங்கினார். 1508-இல் போர்த்துகீசியர் இதைச் சூறையாடினர். 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இது இடம்பெற்றது. இத்துறையிலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட சரக்குகளில் முக்கியமானது குதிரை. பாண்டியர்கள் பெரும்பொருள் கொடுத்து ஆண்டுதோறும் அரபுக் குதிரைகளை வாங்கியதையும், நம் நாட்டில் அவற்றைப் பராமரிக்கத் தெரியாமையால் அவை விரைவில் மடிந்ததையும் மார்க்கோ போலோ குறித்து வைத்திருக்கிறார். பாண்டிய நாட்டுக் காயல் துறையில் இறங்கிய குதிரைகளில் எத்தனையோ, இந்த வறண்ட சரிவையே கடைசி முறையாகப் பார்த்துவிட்டுக் கப்பலேறியிருக்கக்கூடும்.

ஸூர் நகரின் கப்பல் பட்டறையில் இன்றும் மரக்கலம் கட்டுகிறார்கள். வரைபடம் என்ற ஒன்றைக் கையில் எடுக்காமல், கண்ணளவையும் கையளவையும் நம்பித் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவந்த கைவினை இது. இவ்வூரில் 1951-இல் கட்டப்பட்டு, பல காலம் கடலோடி, ஏமன் நாட்டிலிருந்து மீட்டுக் கொண்டுவரப்பட்ட ஃபத்ஹ் அல் கைர் என்ற பெருங்கலம் கடற்கரையில் காட்சிப் பொருளாக நிற்கிறது. இங்கே கட்டிய கலங்களுக்கு உடலாக இருந்தது பெரும்பாலும் மலபாரின் தேக்கு. மரமே முளைக்காத கடற்கரை, கப்பல் கட்டுவதில் கீர்த்தி பெற்றது எப்படி என்ற என் மகளின் கேள்விக்குப் பதில் எதிர்க்கரையில் இருந்தது.

ராஸ் அல் ஜின்ஸ், அரேபியத் தீபகற்பத்தின் கிழக்குக் கோடியிலுள்ள ஆமைக் காப்பகம். அங்கே பேராமைகள் ஆண்டு முழுவதும் கரையேறி முட்டையிடுகின்றன. கோடைப் பின்பகுதியில் அவற்றின் கூட்டம் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. இரவில் வழிகாட்டியின் பின்னால், விளக்கும் புகைப்படக் கருவியும் விலக்கப்பட்டவர்களாக, பேச்சையும் அடக்கிக்கொண்டு நடந்தோம். குழி பறித்து, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு, தன் பின்துடுப்புகளால் மணலை மெதுவாகத் தள்ளி மூடிக்கொண்டிருந்த ஒரு தாய் ஆமையைக் கண்டோம். அதன் கண்ணோரம் வழிந்த நீரைப் பார்த்து என் மகள் கலங்கினாள். உடலில் சேர்ந்த உப்பை வெளியேற்றும் சுரப்பியின் நீர் அது என்று வழிகாட்டி விளக்கினார். "எதுவா இருந்தா என்ன, பெத்தவளுக்கு வலி வலிதான்" என்றார் அம்மா.

இந்தக் கரைக்கு மற்றொரு பெருமையும் உண்டு. ஸெர்ஜ் க்ளூஸியூ, மௌரீட்ஸியோ தோஸி என்ற இரு தொல்லியல் அறிஞர்களின் தலைமையில் இங்கு நடந்த அகழாய்வில், சிந்துவெளி எழுத்துப் பொறித்த பானையோடும், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய படகுகளுக்குப் பூசிய நிலக்கீல் துண்டுகளும் கிடைத்தன. தெற்கே தோஃபார் மாகாணத்தில், பழைய சாம்பிராணித் துறையான கோர் ரோரியில், ணந்தை கீரன் என்ற பெயர் தமிழ் பிராமியில் பொறிக்கப்பட்ட பானையோடு ஒன்றும் கண்டெடுக்கப்பட்டது. அதைப் படித்து விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். விசா அலுவலகமும் விமானமும் தோன்றுவதற்கு ஈராயிரம் ஆண்டு முன்னரே, கீரன் என்ற பெயருடைய தமிழன் ஒருவன் இக்கரையோடு தொடர்பு கொண்டிருந்தான் என்பதை நினைக்கையில், முதன்முதலில் வளைகுடாவுக்கு வந்தவர்கள் நாமே என்ற நம் எண்ணம் சிறிது கூச்சமடைகிறது.

அல் அஷ்கராவைத் தாண்டியபின் பூமியின் தோற்றமே மாறிவிடுகிறது. முன்பு வஹீபா மணல்வெளி என்று அழைக்கப்பட்டு இன்று ஷர்க்கியா என்று பெயர் பெற்ற அந்தப் பெரும்பாலை, வடக்குத் தெற்காக 180 கிலோமீட்டர் பரந்து, தன் கிழக்கெல்லையில் நேரே கடலுக்குள் இறங்குகிறது. வில்ஃப்ரட் தெசிகர் 1949-இல் ஒட்டகத்தில் கடந்த மணல் இது. இப்போது மணலுக்கும் அலைக்கும் இடையே தார்ச்சாலை போடப்பட்டிருக்கிறது. ஆயினும் காற்று ஓயாமல் மணலைக் கொண்டுவந்து சாலைமேல் பரப்புவதால், அதை வாரி ஒதுக்கும் இயந்திரங்களுக்கும் ஓய்வில்லை. பனியுகங்களில் கடல் பின்வாங்கியபோது வெளிப்பட்ட கடற்படுகையின் சிப்பித் துகள்களையும் காற்று அள்ளிவந்து இங்கே குவித்தது என்று புவியியலார் கூறுகின்றனர். அந்தக் காற்று வேறெதுவுமில்லை. குற்றாலத்தில் சாரலாக இறங்குகிற நம்முடைய தென்மேற்குப் பருவக்காற்றேதான்.

இவ்விடத்தில் அக்காற்றின் போக்கைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம். ஏனெனில் இந்தப் பிரயாணத்தில் நாங்கள் கண்ட யாவற்றுக்கும் அதுவே மூலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து புறப்பட்டு அரபிக்கடலின் மேல் விரைந்து வரும் அக்காற்று, ஓமானின் கரையை ஒட்டி வீசும்போது மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து விலக்கித் தள்ளுகிறது. விலகிய நீரின் இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழுகிறது. அந்தக் குளிர்ச்சியாலும், தடுத்து நிறுத்தும் மலை வேறெங்கும் கரையருகே இல்லாமையாலும், அக்காற்று தோஃபாரின் மலைச்சரிவுகளில் மட்டும் தூறலாக விழுந்து ஸலாலாவைப் பசுமையாக்குவதோடு சரி. மற்ற இடங்களில் அது ஒரு துளியும் சிந்துவதில்லை. ஆனால் ஆழத்திலிருந்து எழுந்த நீர் தாது உப்புக்களையும் உடன் கொண்டுவருவதால் நுண்ணுயிர்கள் பெருகி, அவற்றைத் தின்று மத்தியும், மத்தியைத் தின்று வஞ்சிரமும் சூரையும் பெருகுகின்றன. மற்றக் கடல்களிலுள்ள கூன்முதுகுத் திமிங்கிலங்கள் இரைக்காகத் துருவக் கடலுக்கும் குட்டிக்காக வெப்பக் கடலுக்கும் ஆண்டுதோறும் யாத்திரை செய்ய, அரபிக்கடலைச் சேர்ந்தவை மட்டும் யாத்திரையைக் கைவிட்டு இங்கேயே தங்கிவிட்டன. ஓமானின் கரையை ஒட்டி வாழ்பவை நூற்றுக்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. நிலத்தை ஏழையாக்கிய காற்றே நீரைச் செல்வந்தனாக்கியது. அதுவே அரபிக்கடலைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, காவிரிக்கு வெள்ளத்தையும், அக்கரைக் காடுகளுக்குத் தேக்கையும் ஆயினியையும் கொடுத்தது. கப்பல்களை அக்கரைக்குச் செலுத்தியதும் அதுவே. பனிக் காலத்து வடகிழக்குக் காற்று அவற்றைத் திருப்பிக் கொணர்ந்தது.

மணல்வெளி முடிந்ததும் ஸப்கா என்னும் உப்புச்சதுப்பு தொடங்குகிறது. ஷன்னாத் துறைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும், கண்ணுக்கெட்டிய தூரம் வரை, வெண்மையும் பழுப்புமாக, மேடு பள்ளமின்றிக் கிடக்கும் இந்தப் பூமியில், மேலே காய்ந்த பொருக்கும் அடியில் நீர் ஊறிய சேறும் இருப்பதால், சாலையை விட்டு இறங்கிய வண்டி அச்சுவரை புதைந்துபோகும். நான் அதை ஒரு பாழ்வெளியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாவில் வைத்துப் பார்த்து, "கசப்பு போகலை, பாத்தி கட்டி ரெண்டாந் தண்ணி பாய்ச்சினா நல்ல உப்பா வரும்" என்றார். 1930-இல் ராஜாஜியின் தொண்டர்கள் உப்பு அள்ளிச் சிறை சென்ற மண்ணில் பிறந்து, உப்பளத்து வரப்புகளில் நடந்து பள்ளிக்குச் சென்றவருடைய தீர்ப்பு அது. அதுவரை வண்டியின் ஜன்னலுக்கு வெளியே ஓடிய அந்நிய பூமி, அந்த ஒரு வார்த்தையில் எங்கள் குடும்பத்துக்கு உறவாகிவிட்டது.

இந்த உப்புச்சதுப்பின் தென்புறத்தில் கடலுக்குள் நீளும் தீபகற்பம்தான் பர் அல் ஹிக்மான். வற்றத்தின்போது கிலோமீட்டர் கணக்கில் சேற்றுவெளி வெளிப்படும் இக்கரையில், குளிர்காலத்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் கரைப்பறவைகள் கூடுகின்றன. நண்டையே உணவாகக் கொண்டு, மணலில் வளை தோண்டி முட்டையிடும் கருப்பு வெள்ளை நிறத்து நண்டுண்ணிகளையும், பூநாரைகளின் வரிசைகளையும், ஒரே உடலென்று திரும்பித் திரும்பிப் பறந்த உள்ளான் கூட்டங்களையும் தொலைநோக்கியில் பிள்ளைகள் மாறி மாறிப் பார்த்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் பல்லாண்டுகளாகப் பறவைகளின் கால்களில் வளையமிட்டு ஆராய்ந்துவரும் கோடியக்கரையிலும் இவற்றின் இனத்தாரையே காண்கிறோம். வடக்கே சைபீரியாவின் பனி நிலங்களிலிருந்து புறப்பட்டு, ஒரு சாரார் இங்கும் ஒரு சாரார் அங்குமாகப் பிரிந்து இறங்கும் இந்த உள்ளான்கள், எந்த நாட்டுச் சுங்கச்சாவடியையும் கேளாமல் உப்பும் சேறும் உள்ள இடத்தைத் தேர்ந்துகொள்கின்றன.

ஷன்னாவில் துறை என்பது கடலுக்குள் நீண்ட கற்பாதையும், சில கடைகளும், வரிசையில் நிற்கும் வண்டிகளும்தான். ஒரு காலத்தில் இங்கே ஓடிய தனியார் படகுகள், நிறைந்தபோதும் நீர்மட்டம் இடந்தந்தபோதும் மட்டுமே புறப்படும். குறித்த நேரம் என்பது கிடையாது. 2014-இல் ஓமானின் தேசியப் படகு நிறுவனம் சேவையைத் தொடங்கியபின் கால அட்டவணை வந்துவிட்டது. ஆனால் துறைக்கும் தீவுக்கும் இடையிலுள்ள கால்வாய் ஆழம் குறைந்தது, மணல்திட்டுக்கள் நிறைந்தது. அட்டவணை எழுதினாலும் ஓதமும் வற்றமும் அனுமதி கொடுத்தாக வேண்டும். எங்களுக்கு முன்னால், மீன் ஏற்றுவதற்காகக் காலியாகச் சென்றுகொண்டிருந்த குளிர்சாதன லாரியின் சாரதி, அம்மாவின் பேச்சைக் கேட்டு இறங்கி வந்தார்.

"எந்த ஊரும்மா?"

"வேதாரண்யம் பக்கம். நீ, தம்பி?"

"தேவிபட்டினம்மா. ராம்நாடு."

"நவக்கிரகக் கரை. கடலோரப் பிள்ளைதான்."

அவ்வளவுதான், எங்கள் புளிச்சோற்றில் ஒரு பங்கு அவருக்கும், அவருடைய ஃபிளாஸ்க்கிலிருந்த தேநீர் எங்களுக்குமாயிற்று. ஆகஸ்டு 15 முதல் அக்டோபர் 15 வரை ஓமானில் வஞ்சிரம் பிடிக்கத் தடையென்றும், தடை நீங்கியபின் குளிர்காலம் முழுவதும் தமக்கு ஓட்டம் அதிகமென்றும், மசீராவின் மீன் அமீரகத்துச் சந்தைகள் வரை போகிறதென்றும் அவர் சொன்னார். துபாயில் நாங்கள் வாங்கித் தின்ற வஞ்சிரத்தில் எவ்வளவு இவர் கையால் கடல் தாண்டியதோ!

வண்டிகளைப் பின்னோக்கிச் செலுத்தி, ஓர் அங்குலமும் வீணாகாமல் அடுக்கிய பிறகு, இரும்புக் கதவு மூடப்பட்டு ஃபெர்ரி புறப்பட்டது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரம்; ஒன்றரை மணி நேரத்துக்கு உட்பட்ட பிரயாணம். மேல்தளத்தில் அரபுக் குடும்பமொன்று எங்களுக்குக் கஹ்வாவும் பேரீச்சம்பழமும் அனுப்பிவைத்தது. கோப்பையைச் சாய்த்து லேசாக ஆட்டிக் காட்டாதவரை அது மறுபடி நிரப்பப்பட்டுக்கொண்டே இருக்கும் என்ற மரபை அறியாத அம்மா, மறுப்பது மரியாதையாகாதென்று கருதித் தொடர்ந்து பருகிக்கொண்டிருந்தார். கடைசியில் அந்தக் குடும்பத்துப் பாட்டியே அவர் கையைப் பிடித்து ஆட்டிக் காண்பிக்க, மொழி தெரியாத இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். கரைகள் இரண்டும் தாழ்ந்திருந்தமையால், நடுவழியில் நிலமே இல்லாதது போன்ற தோற்றம் உண்டாயிற்று. நீரின் மேல் தணிந்து, நீண்ட கரிய வரிசைகளாக ஸொகோத்ரா நீர்க்காகங்கள் படகைக் கடந்து சென்றன. சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் குடும்பம், அவசரப்பட்டுப் பயனில்லாத இந்தத் தண்ணீர்ப் பாதையில் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கியதை நான் ஃபெர்ரியின் சிறப்பாகவே கருதுகிறேன்.

மசீராவின் நிலம் விசித்திரமானது. ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சமுத்திரத்தின் அடித்தளமாக இருந்த பாறை, பூமியின் அசைவால் மேலே தள்ளப்பட்டுத் தீவாகியிருக்கிறது. ஆகவே இங்குள்ள ஜபல் மத்ரூப் மலையின் அடிவாரத்தில் நடப்பவர் நியாயமாக ஆழ்கடலின் தரையில் நடப்பவராவார். தீவைச் சுற்றிலும் சாலை உண்டு. காற்றுக்கு முகங்கொடுத்த கிழக்குக் கரையில் பேரலைகளும், மேற்கில் அமைதியான ஆழமற்ற நீரும் இருப்பதால், காற்றின் திசையைப் பார்த்துக் கரையைத் தேர்ந்து கூடாரமடிப்பது இங்கு வழக்கம். இரும்பு முளைகள் மணலில் நில்லாமல் பிடுங்கிக்கொண்டபோது, கூடாரக் கயிறுகளைக் கற்கள் நிறைத்த பைகளில் கட்டிப் புதைத்தோம்.

கிறிஸ்து சகாப்தத்தின் முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடற்பயண நூலான பெரிப்ளூஸ், ஸராபிஸ் என்ற தீவைப் பற்றியும், அங்கே மீனுண்டு வாழ்ந்து பனையோலை உடுத்திய ஜனங்களைப் பற்றியும், அங்கு கிடைத்த உயர்ந்த ஆமையோட்டைப் பற்றியும் கூறுகிறது. அத்தீவு மசீராவே என்பது அறிஞர்களின் கருத்து. முசிறியையும் சோழக்கரைத் துறைகளையும் குறிப்பிடுவதால் நமக்குப் பழக்கமான அந்தப் புத்தகத்தில், இந்தத் தீவும் சில பக்கங்கள் தள்ளி இருந்துகொண்டிருக்கிறது. ஓட்டுக்காகத் தேடப்பட்ட அழுங்காமையும் பேராமையும் பங்குனி ஆமையும் இன்றும் இங்கே முட்டையிடுகின்றன; ஆனால் மசீராவின் கீர்த்தி பெருந்தலை ஆமையால் வந்தது. ஆண்டுக்கு முப்பதாயிரம் பெண் ஆமைகள் கரையேறுவதாக ஒரு காலத்தில் மதிப்பிடப்பட்டு, உலகின் மிகப் பெரிய ஈற்றிடங்களுள் ஒன்றாக இது எண்ணப்பட்டது. 2020-இல் வெளியான ஆய்வொன்று, ஏறக்குறைய இருபது ஆண்டுக்குள்ளாகவே அந்த எண்ணிக்கை 79 சதவிகிதம் குறைந்துவிட்டதென்று அறிவித்தது. வலைகளில் சிக்குவதும், கரையோர விளக்குகள் குஞ்சுகளைத் திசைமாற்றுவதும், மணலில் பதியும் வண்டித்தடங்கள் அவற்றைக் கடல் சேரவிடாமல் தடுப்பதும் ஆமைகளுக்கு நேரும் ஆபத்துக்கள். நாங்கள் சென்றது அவற்றின் பருவமன்று. இருந்தும் வண்டியை அலையோரத்துக்குக் கொண்டுபோகாமல், கப்பிச்சாலையிலேயே நிறுத்திவிட்டுச் சாமான்களைச் சுமந்து நடந்தோம்.

மறுநாள் காலை, மீனவர்கள் கழிவுகளைக் கொட்டுமிடத்தில், அழுக்கு வெண்மையான உடலும் மஞ்சள் முகமும் கொண்ட பெரிய பறவைகள் சில நடந்து இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. அம்மா அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திருக்கழுக்குன்றத்துப் பட்சிடா!" என்று அவர் சொன்னபோது குரல் தழுதழுத்தது. திருமணமான புதிதில் என் தகப்பனாரோடு அந்த மலையேறி, உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்திறங்கி, குருக்கள் வைத்த சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் பறந்ததைத் தரிசித்தவர் அவர். முனிவர்கள் பட்சி வடிவெடுத்து நாள்தோறும் அமுதுண்ண வருகிறார்கள் என்பது தல ஐதீகம். அந்தக் கழுகுகள் 1990களின் பிற்பகுதியோடு வருவதை நிறுத்திவிட்டன. கால்நடைகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்து, இந்தியா முழுவதிலும் அவ்வினங்களை அருகச் செய்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுக்கத் தடை வந்தது. ஆனால் நம் தேசத்தில் அபூர்வமாகிவிட்ட மஞ்சள்முகப் பாறு, மாடும் கோயிலும் இல்லாத இந்தத் தீவில், அறுபதுக்கு மேற்பட்ட இணைகளாகக் குன்றுகளில் கூடு கட்டி வாழ்ந்துகொண்டிருக்கிறது. "அங்கே நாம சரியா வெச்சுக்கலை, இங்கே வந்திடுச்சு" என்றார் அம்மா. விஞ்ஞானம் அதை ஒப்பாது. இனம் ஒன்றாயினும் அந்தப் பறவைகள் வேறு, இவை வேறு. எனினும் அந்த வாக்கியத்திலிருந்த குற்றச்சாட்டை மறுக்க என்னால் முடியவில்லை.

மனிதர்களின் சரித்திரமும் இத்தீவில் சிறியதன்று. 1904-இல் பாரன் இன்வர்டேல் என்ற கப்பல் உடைந்து, படகில் இங்கே கரைசேர்ந்த மாலுமிகள் கொல்லப்பட்டதற்கு நினைவுக்கல் நிற்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விரிவடைந்த பிரிட்டிஷ் விமானப்படைத் தளம் 1977 வரை இங்கே இயங்கியது. அதே ஆண்டு ஜூனில் அடித்த புயல் தீவின் கட்டிடங்களில் அநேகமாக ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. 1980 ஏப்ரலில், டெஹ்ரானில் சிறைப்பட்ட அமெரிக்கரை மீட்கச் சென்று தோல்வியில் முடிந்த முயற்சிக்குரிய விமானங்கள் இங்கிருந்தே கிளம்பின. வல்லரசுகள் வந்து போயின; மீனவர்கள் தங்கள் வலைகளோடு மிஞ்சியிருக்கிறார்கள்.

திரும்புகையில் ஸினாவ் வழியான உள்நாட்டுச் சாலையில், பிள்ளைகள் உறங்கிவிட்டபின், இந்தப் பிரயாணம் எங்களுக்கு என்ன கொடுத்தது என்று யோசித்துப் பார்த்தேன். அயல்நாட்டில் பிறந்து வளரும் நம் குழந்தைகளிடம், "உன் சொந்த ஊர் எது?" என்று உறவினர் கேட்கும்போது, அவர்கள் தயங்குவதைப் பார்த்து நாம் வருந்துகிறோம், அவர்கள் இரண்டு இடத்திலும் வேரற்றவர்கள் என்ற அபிப்பிராயம் நம்முள் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் கீரனின் பானையோடும், காயலுக்குப் போன குதிரையும், ஸூரின் தேக்கும், சைபீரியாவின் உள்ளானும் ஒரே கடலையும் அதன் காற்றையும் நம்பி இரு கரைகளிலும் வாழ்ந்திருக்க, நம் பிள்ளைகள் மட்டும் எப்படி அந்நியராவார்கள்? இக்கரையின் உப்பை நாவில் வைத்துச் சோதித்த அப்பாயியைப் பார்த்த பேரனுக்கு, இரண்டு கரையும் தன்னுடையவை என்று சொல்லும் உரிமை வந்துவிட்டது. உரிமை வந்தால் கடமையும் வருகிறது. திருக்கழுக்குன்றத்தில் இழந்ததை மசீராவிலும் இழக்காதிருப்பதற்கு, கரையில் விளக்கையும் வண்டியையும் குப்பையையும் தவிர்ப்பதில் தொடங்கி, வலையில் சிக்கிய ஆமைக்காகக் குரல் கொடுப்பதுவரை, இங்கே வாழும் நாமும் பொறுப்பாளிகளே. சம்பளம் கொடுக்கும் பூமியில் வரியில்லை என்று மகிழ்கிறோம். இந்த வரியையாவது மனமுவந்து செலுத்துவது நமக்கு அழகு.